முகம் வெட்டிய படம்

மாசானம் எடுக்கிற படங்களுக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தவன் பென்னலூர் செந்தமிழன். வாட்ஸப் குழுவில் மாசானம் ஒரு படத்தைப் போட வேண்டியதுதான், உடனே அவனிடமிருந்து பதில் வந்து விழும். "மச்சி, இது காரா கொழுக்கட்டையா? எலைய எட்த்துட்டுக் காட்டு!" குழுவே சிரிக்கும். மாசானமும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு, உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பான்.

அது ஒரு வினோதமான கூட்டம். ஒரகடத்தைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகள், புது மாடலை வெளியிடுவதற்கு முன்னால் சோதனைக்காக ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். உருவம் தெரியாமலிருக்க வண்டி மேலெல்லாம் கறுப்பு வெள்ளையில் வளைவு நெளிவாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அதை வரிக்குதிரை என்பார்கள். அந்த வரிக்குதிரைகளை மறைந்திருந்து படம் பிடித்துக் கார் செய்தி போடுகிற வெப்சைட்டுகளுக்கு அனுப்புவதுதான் குழுவின் பிழைப்பு. பிழைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, பைத்தியம். படத்துக்குக் கீழே பேர் வரும். அதுவும் சொந்தப் பேர் இல்லை. நம் மாசானத்துக்கு அங்கே பேர் 'செங்கழுகு'. வேலை பார்ப்பதோ ஒரு உதிரிபாகக் கம்பெனி லைனில், போன் கேமராவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே அனுப்புவார்கள். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் கழுகு!

கழுகுக்குக் கண்தான் சரியில்லை. அவனிடம் இருந்தது இருநூறு எம்எம் வரை போகிற ஜூம் லென்ஸ். வண்டிகள் ஓடுகிற தூரத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் டெலிகன்வெர்ட்டர் ஒன்றைச் செருகிக்கொண்டான். கண்ணாடி வைத்த ஒரு சின்ன வளையம், அவ்வளவுதான். இருநூறை நானூறாக்கிவிடும். ஆக்கும், ஆனால் சும்மா ஆக்காது. வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். ஃபோகஸ் முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்துகொண்டே இருக்கும், அதற்குள் வண்டி வாலாஜாபாத்தே போய்ச் சேர்ந்துவிடும். தப்பித்தவறி மாட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பெல்லாம் மாவாகக் கரைந்திருக்கும்.

"கன்வெர்ட்டர் போட்டா பை சின்னதா இருக்கும்ல. தோள்ல மாட்டிட்டுப் போனா ஒருத்தனுக்கும் தெரியாது" என்று மாசானம் வாதாடுவான்.

"டேய், அது லுங்கிய பேண்ட்டா தச்சிக்கினு போற கேஸு. தூரத்துல பாத்தா பேண்ட்டு. கிட்ட வந்தா லுங்கி. ஒயுங்கா அறநூறு வரைக்கும் போற லென்ஸ வாங்கு" என்பான் செந்தமிழன். அவனிடம் அது இருந்தது. அந்தத் திமிர்தான்.

மாசானத்துக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இங்கே வல்லத்தில் டில்லிபாபு வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். வந்த புதிதில், கழுத்தில் கிடந்த கேமராவைப் பார்த்து டில்லிபாபுவின் மனைவி ரத்னா, "இன்னா தம்பி எடுப்ப இதுல?" என்று கேட்டாள். சட்டென்று வாயில் வந்தது பறவை. "கொக்கு, நாரை எல்லாம் எடுப்பேன் மதினி" என்று சொல்லிவைத்தான். அப்படிச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அடுத்த வாரமே தெரிந்தது. டில்லிபாபுவின் வேலையே அந்த வரிக்குதிரைகளை ஓட்டுவதுதான். ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தின் கீழே டெஸ்ட் டிரைவர்.

அன்றைக்கே அறையைக் காலி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வாடகைக்கு வந்த பையன்களை வீட்டுக்காரர்கள் நடத்துகிற விதம் அவனுக்குத் தெரியும். இங்கே ஷிப்ட் முடிந்து வந்தால் ரத்னா மூடி வைத்த தட்டோடு மாடிப்படி ஏறி வருவாள். டில்லிபாபு, "தம்பி தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவர்கள் மகள் மதிவதனிக்கு மாசானம்தான் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பான். விட்டுப் போக மனசு வரவில்லை. பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஏரிப்பக்கம் போய் உண்மையிலேயே ஒரு நாரையை எடுத்து வந்தான். அதுவும் கொழுக்கட்டைதான். ரத்னா அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவிட்டாள்!

தனக்கென்று ஒரு நியாயமும் வைத்திருந்தான். டில்லிபாபுவிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். எந்த ரோடு, எந்த நேரம் என்று அவன் வாயிலிருந்து தவறி விழுந்தால் அந்தப் பக்கமே போக மாட்டான். இதனால் தான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதுவும் போக, அவன் படங்களில் டிரைவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு மொத்தை இருக்கும். அது டில்லிபாபுவாக இருந்தாலும் ஒன்றுதான், வேறு எவனாக இருந்தாலும் ஒன்றுதான்.

கடைசியில் லென்ஸும் வந்தது. தாம்பரத்தில் காட்டு விலங்குகளைப் படம் எடுக்கிறவர் ஒருவர், கழுத்து வலி தாங்காமல் தன்னுடைய இருநூறு-அறுநூறை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, டில்லிபாபுவின் பைக்கில்தான் போனார்கள். திரும்பும்போது மாசானம் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். படப்பை தாண்டி ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிச் சுற்றி ஓட்டினான் டில்லிபாபு. "புள்ளத்தாச்சிய கூட்டிகினு போற மாரி போறேன் தம்பி. இனிமே உன் கொக்கு கண்ணு மூக்கோட வருமா?" என்று கேட்டான். கொக்கு என்றதும் மாசானத்துக்குக் குத்தியது. ஆனாலும் சிரித்தான்.

அது மே மாசம். முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியதில் தூசி அடங்கி, காலை வெளிச்சம் கழுவி வைத்தது போல் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குப் போகாமல், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கொடுத்துவைத்திருந்த கேமராப் பையை வாங்கிக்கொண்டு, வாலாஜாபாத் ரோட்டை ஒட்டிய ஏரிக்கரையில் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தான். ரோட்டுக்கும் அவனுக்கும் நடுவில் அறுவடை முடிந்த வயல். அங்கிருந்து பார்த்தால் ஆள் விரல் அளவுக்குத்தான் தெரிவான். லென்ஸை முக்காலி ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தான். ரோட்டோரத்தில் சைக்கிளில் நுங்கு விற்கிறவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. யம்மா! இதைத்தானே இத்தனை நாளும் இழந்துவிட்டு இருந்தோம் என்று அவனுக்கு ஆத்திரமே வந்தது.

அப்போதுதான் ஒரு வரிக்குதிரை வந்து, அந்த நுங்குக்காரர் பக்கத்திலேயே நின்றது. நிற்கவே கூடாது. நின்றதோடு போகவில்லை. டிரைவர் பக்கத்து ஜன்னல் கீழே இறங்கியது. டேஷ்போர்டை மூடி வைக்கிற கறுப்புத் துணியும் விலகிக் கிடந்தது. நாட்டிலேயே ஒருத்தர் கண்ணிலும் இன்னும் படாத உள்பக்கம்! மாசானத்தின் கை தானாக அமுக்கியது. ஃபோகஸ் அலையவில்லை, ஆட்டம் காட்டவில்லை, போய் ஆணி அடித்தது போல் நின்றது. நுங்குக்காரர் ஜன்னல் பக்கம் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கியது. வண்டி போய்விட்டது. கேமராத் திரையில் டேஷ்போர்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மாசானம் துள்ளிக் குதித்தான். வண்டியை எவன் ஓட்டினான் என்று யார் பார்த்தார்கள்?

அறைக்கு வந்து அடித்துப் போட்டது போல் தூங்கினான். மத்தியானம் கீழேயிருந்து டில்லிபாபுவின் குரல் எழுப்பியது. "தம்பி! எறங்கி வா! உங்க ஊர் ஐட்டம் வாங்கியாந்துகிறேன்!"

போனால், தட்டு நிறைய நுங்கு. மதிவதனி ஒன்றை எடுத்து அவன் வாயிலேயே திணித்தாள். "நேத்து நீ சொன்னியே, நுங்கு துன்னு வருஷமாச்சுன்னு. வயில பாத்தேன், வாங்கிட்டேன்" என்றான் டில்லிபாபு. மாசானம் ஆசை தீரத் தின்றான். வழியில் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

மேலே போய் லேப்டாப்பில் படத்தைத் திறந்து முழுசாகப் பெரிதாக்கினான். தொப்பி, மீசை, பல் தெரிகிற சிரிப்பு. நுங்குக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் டில்லிபாபு. நெற்றியில் வேர்வைத் துளி உட்பட எல்லாம் தெரிந்தது. இத்தனை வருஷமும் கறுப்பு மொத்தையாக இருந்ததற்கு அன்றைக்கு முகம் வந்துவிட்டது. வாயில் இன்னும் நுங்கு ருசி இருந்தது.

அழித்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். விரலை அழிக்கிற பொத்தான்மேலேயே வைத்தான். ஆனால் கண் டேஷ்போர்டின் பக்கம் போயிற்று. அந்தத் தையல், அந்தத் திரை, அந்தப் புது ஸ்டியரிங். செந்தமிழனுக்கு இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு படம் மாட்டாது. கொழுக்கட்டை என்று சிரித்த அத்தனை வாயும் மூடும். முகத்தை வெட்டிவிட்டால் போச்சு, அண்ணன் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத் தானே சொன்னான். சொன்னது மனசுக்கு ஒட்டவில்லை, ஆனாலும் வெட்டினான். தொப்பியும் முகமும் கழுத்தும் போய், ஒரு கையும் டேஷ்போர்டும் மிஞ்சின. அனுப்பிவிட்டான்.

அந்தக் கையை அவன் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. பாவிக்குப் பழக்கம் இல்லை. கன்வெர்ட்டர் காலத்தில் அவன் படங்களில் கை என்றால் ஒரு பழுப்புத் தீற்றல். கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேட அவன் கண் கற்றுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் படம் வந்தது. நாடு முழுக்கக் கார்ப் பைத்தியங்கள் எல்லாரும் அதைப் பகிர்ந்தார்கள். "தலைவா, கால காட்டு, வியுந்துக்கிறேன்" என்று போட்டான் செந்தமிழன். மாசானம் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். சாப்பிட்டதுபோல வயிறு நிறைந்திருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. சாயங்காலம் டில்லிபாபு தளர்ந்துபோய் மாடி ஏறி வந்தான். கையில் போன். போனில் அந்தப் படம்.

"இத்த பாரு தம்பி." இரண்டு விரலால் விரித்துக் காட்டினான். முன்கையின் உள்பக்கம் பச்சை குத்திய எழுத்து, ஒன்றுவிடாமல் படிக்க முடிந்தது. மதிவதனி. "பாப்பா பேரு. என் கை. நேத்து அதே மாடல் மூணு வண்டி ரோட்ல ஓடிச்சு. எவன்னு தெர்யாம முழிச்சிகினு இருந்தானுங்க. கைய பாத்துட்டு என்ன இஸ்துகினு போய் நிக்க வெச்சிட்டானுங்க."

மாசானம் போனை வாங்கி அந்தப் பச்சை எழுத்தையே பார்த்தான்.

"ஜன்னல எறக்குனது தப்பு. துணி வெலகுனத கவனிக்காதது தப்பு. ஏசி இல்லாம ஓட்டணும்னு டெஸ்ட்டு. உள்ள வெந்துகினு கீறேன். நுங்க பாத்தேன், நிறுத்திட்டேன். அதுக்கு மெமோ குடு, நாலு நாள் வெளிய ஒக்கார வையி, வாங்கிக்கிறேன். ஆனா அவனுங்க இன்னா சொல்றானுங்க தெரியுமா? நானே ஒரு ஆள செட் பண்ணி, வண்டிய நிறுத்தி போஸ் குடுத்தேனாம். படம் இவ்ளோ க்ளியரா கீதாம். ஜன்னல் கிட்ட நின்னு எடுத்தாதான் இப்டி வருமாம். அப்டின்னு முடிவு பண்ட்டா, இந்த பெல்ட்ல ஒரு கம்பெனி என்ன ஸ்டியரிங்க தொட வுடாது தம்பி. எனக்கு வேற இன்னா வேல தெரியும்?"

குரல் உடைந்தது. டில்லிபாபுவின் குரல் உடைந்து மாசானம் கேட்டதே இல்லை.

"நீ கேமராக்காரன். நீ சொல்லு. தூரத்துலேந்து இப்டி எடுக்க முடியுமா, முடியாதா?"

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்கலாம். நான்தான் அண்ணே என்று ஒரு வார்த்தை. பழைய கன்வெர்ட்டரில் எடுத்திருந்தால் அந்த மாவுப் படமே 'தூரத்திலிருந்து திருடியது' என்று கத்திச் சொல்லியிருக்கும். இது துல்லியமாக இருந்து தொலைத்ததால்தான் டில்லிபாபுவின் கழுத்துக்குக் கத்தியாயிற்று. இதெல்லாம் மாசானத்துக்கு ஒரே நொடியில் விளங்கியது. கூடவே தன் வேலை, தன் அறை, இந்தக் குடும்பம் எல்லாம் போய்விடும் என்பதும் விளங்கியது. அவன் பயந்தாங்கொள்ளி. "முடியும்ணே" என்று மட்டும் சொன்னான்.

லென்ஸை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தூரத்தில் சர்வீஸ் ரோட்டில் நின்ற கன்டெய்னர் லாரியைக் காட்டி, "பாருங்கண்ணே" என்றான். டில்லிபாபு கண்ணை வைத்தான். "யப்பா! டிரைவர் பீடி குடிக்கிறது தெரியுதுடா! ரத்னா! ஏ ரத்னா! மேல வா!" சின்னப் பையனைப் போலக் கத்தினான். ரத்னா ஓடி வந்து தானும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நாளிக்கு நீயே வந்து எங்க சுப்பராயன் சார்கிட்ட இத்த காட்டு தம்பி. கிட்ட நின்னு எடுக்கலன்னு புரிஞ்சா போதும், மெமோவோட வுட்ருவாரு" என்றான் டில்லிபாபு.

"நல்ல வேள தம்பி, நீ நம்ம வூட்ல கீற" என்றாள் ரத்னா. இதற்குப் பதில் அவள் செருப்பால் அடித்திருக்கலாம் என்று மாசானத்துக்கு இருந்தது.

அவன் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. படுத்தும் தூங்கவில்லை. நாளைக்குப் போய் லென்ஸை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடலாம், வேலை முடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று ஒரு மனசு சொன்னது. அட நாயே, இன்னும் தப்பிக்கத்தான் பார்க்கிறாயா என்று இன்னொரு மனசு காறித் துப்பியது. காலையில் கிளம்பும்போது லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கான்ட்ராக்ட் நிறுவனத்தின் அலுவலகம் படப்பையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. சுப்பராயன் நல்ல மாதிரி மனுஷன்தான். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். டில்லிபாபு பெருமையோடு அறிமுகம் செய்தான். "நம்ம வூட்டு மாடில குடியிருக்குற தம்பி சார். பறவை படம்லாம் எடுப்பான். கேமரால பூந்து வெளயாடுவான்."

மாசானம் ஜன்னல் வழியாக லென்ஸை நீட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் ஒரு கடையின் விலைப் பலகையைக் காட்டினான். சுப்பராயன் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"தூரத்துலேர்ந்து எடுக்க முடியும். ஒத்துக்கிறேன். இந்தப் படத்தைத் தூரத்துலேர்ந்துதான் எடுத்தான்னு எப்படிச் சொல்றது? அதையும் விடுங்க. எனக்கு இடிக்கிறது வேற." மேசைமேல் இருந்த படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "மூஞ்சிய ஏன் வெட்டினான்? இந்த மாதிரி எடுக்கிறவங்க டிரைவரப் பத்தி என்னிக்குக் கவலைப்பட்டிருக்காங்க? இவன் பாத்துப் பதனமா கழுத்தோட வெட்டியிருக்கான். டிரைவரக் காப்பாத்தணும்னு வெட்டியிருக்கான். அப்ப தெரிஞ்ச ஆளுதான? டில்லிபாபு, நீங்களே சொல்லுங்க."

டில்லிபாபு எழுந்து நின்றான். "எனக்கு யாரையும் தெர்யாது சார். பாப்பா மேல சத்தியமா தெர்யாது" என்றான்.

மகள்மேல் சத்தியம் என்று கேட்டதும் மாசானத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நாந்தான் சார் எடுத்தேன்."

லேப்டாப்பைத் திறந்து முழுப் படத்தையும் காட்டினான். வெட்டாத முகம், சிரிப்பு, பக்கத்தில் நுங்குக்காரர். அறுநூறு எம்எம்மில் எடுத்தது என்று படத்தின் விவரத்திலேயே இருந்தது. ஏரிக்கரையிலிருந்து எடுத்த மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். "அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது சார். நான் ஏரிக்கரைல ஒளிஞ்சி இருந்து எடுத்தேன். அண்ணன்னு பார்த்ததும் முகத்த வெட்டினேன். எல்லாத் தப்பும் என்னுதுதான். என்ன வேணாலும் செய்யுங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினான். கொட்டி முடித்ததும் அப்படி ஒரு சுகம். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் பிழைத்துவிட்டான் என்று நினைத்தான்.

சுப்பராயன் படங்களை நிதானமாகப் பார்த்தார். "தூரத்துலேர்ந்துதான் எடுத்திருக்க. சரி" என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "இவர் வீட்டு மாடியிலதான குடியிருக்க?"

"ஆமா சார்."

"எவ்வளவு காலமா?"

பதில் சொல்வதற்குள் மாசானத்துக்கு அது உறைத்துவிட்டது. எல்லாவற்றையும் யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை. தன்னுடைய மனசாட்சி, தன்னுடைய பயம், தன்னுடைய பாவம் என்றே கிடந்தவனுக்கு இது எப்படித் தோன்றும்?

"தம்பி, நீ சொல்றத நான் நம்புறேன்னே வெச்சுக்க" என்றார் சுப்பராயன், தணிந்த குரலில். "கார் கம்பெனிக்கு நான் என்னன்னு பதில் சொல்ல? படம் எடுத்தவன் டிரைவர் வீட்டு மாடியில இருக்கான், டிரைவர் போய் அவன் முன்னாடி வண்டிய நிறுத்தி ஜன்னல எறக்கினாரு, ஆனா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னா? எவன் கேப்பான்? யாரோ ஒருத்தன் எடுத்தான்னு இருந்திருந்தா, நான் இழுத்துப் பிடிச்சு ஒரு மெமோவோட முடிச்சிருப்பேன்."

"சார், என்னைய போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க சார். எங்க கம்பெனில சொல்லுங்க."

"உன்ன வெச்சு நான் என்ன பண்ண? நீ எங்க ஆளு இல்ல." அவர் டில்லிபாபுவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். "ஐடி கார்டக் கழட்டி வெச்சிட்டுப் போங்க டில்லிபாபு."

டில்லிபாபு கழற்றினான். கயிறு தொப்பியில் மாட்டிக்கொண்டது. நிதானமாக விடுவித்து மேசைமேல் வைத்தான். "வரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினான்.

கீழே பைக்கை உதைத்துவிட்டு, "ஏறு" என்றான். அவ்வளவுதான். மாசானம் பின்னால் உட்கார்ந்தான். ஷேர் ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. டில்லிபாபு பள்ளம் மேடு எதையும் பார்க்காமல் நேராக ஓட்டினான். ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால், புது மனைகளுக்குக் கல் நட்டிருந்த ஒரு வெட்டவெளியில் தானாகவே நிறுத்தினான்.

மாசானம் இறங்கி அழுதான். "என்னைய ரெண்டு அறையாவது அறைங்கண்ணே."

"நேத்து மாடில வெச்சி என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"சொல்லிருந்தா நானே உன் கால்ல வியுந்திருப்பேன். அங்க வந்து வாயத் தொறக்காதடான்னு. எடுத்தவன் என் வூட்டு ஆளுன்னு தெரிஞ்சா நா காலின்னு எனக்கு தெரியும்டா. உனக்குத் தெர்யல." டில்லிபாபு கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தான்.

"மதினிட்ட நான் போய் எல்லாத்தையும் சொல்லிருதேன். அவுக கால்ல விழுதேன். அவுக காறித் துப்பட்டும்."

டில்லிபாபு அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"வேணாம். அங்க நீ சொல்லி முட்ச்சதும் உன் மூஞ்சிய பாத்தேன் தம்பி. அப்டியே லேசாயிடுச்சி உனக்கு. என் பொயப்பு போச்சு, உனக்கு மனசு லேசாச்சு. இப்ப ரத்னா கிட்டயும் சொல்லி இன்னொரு தபா லேசாவ பாக்குற. அது நடக்காது. அவளுக்குத் தெரியவே கூடாது. தூரத்துலேந்து எடுக்கலாம்னு நீ காட்ன, அவனுங்க ஒத்துக்கல. அவ்ளோதான் நடந்துச்சு. அவ உன் மேல உசிர வெச்சிகிறா. அது பாட்டுக்கு இருக்கட்டும். அவ சோறு போடுவா. நீ துன்னு."

வண்டியை மறுபடியும் உதைத்தான். மாசானம் ஏறிக்கொண்டான்.

வீட்டு வாசலில் ரத்னா நின்றுகொண்டிருந்தாள். டில்லிபாபுவின் கழுத்தைப் பார்த்தாள். கார்டு இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாசானத்தின் பக்கம் வந்து, "நீ இன்னா பண்ணுவ தம்பி? உன்னால ஆனத நீ செஞ்ச. சொந்தக்காரன் கூட வர மாட்டான். வா, காலைலேந்து ஒண்ணும் துன்னல நீ" என்றாள்.

முன்னறையில் தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். டில்லிபாபு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாசானம் ஒரு வாய் எடுத்தான். போதும் என்று சொல்ல முடியவில்லை. அவள் மறுபடியும் போட்டாள்.